இரவீந்திரரும் பாட்டிக் கதைகளும்

தோற்றுவாய்

பாட்டிமார் கூறும் பழங்கதைகளை வீண்பொழுது போக்கென இகழ்வார் உளர். அரக்கனும் கிளியும், அரசகுமாரனும் பறக்குங் குதிரையும் உலகில் இல்லாதன. இல்லாதனவற்றைக் குழந்தைகட்கு உரைத்தல் பொய்யுரைத்தலே யாகும் என்பது அன்னார் கொள்கை. யானும் சில ஆண்டுகள் அக்கொள்கை யுடையேனாய் இருந்தேன். அதற்கொரு காரணம் உண்டு.

எங்கள் இல்லம் பள்ளிக்கரணையிற் கழுவெளிக்கு அணித்தே உள்ளது. 2015 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களிற் பெருமழை பெய்து, கழுவெளியும் ஏரிகளும் ஒன்றாய்ப் பெருகித் தெருவெல்லாம் நீராயிற்று. விளக்கில்லாத அவ்விரவுகளில், மாடியறையிலே எங்களை இருபுறமும் அணைத்துக்கொண்டு, ஏழு கடலுக்கும் ஏழு மலைக்கும் அப்பால் ஒரு கிளியினிடத்தே தன் உயிரை ஒளித்துவைத்த அரக்கனின் கதையை என் ஆயா கூறினார். அப்போது எனக்கு வயது ஒன்பது. என் தம்பிக்கு ஆறு. ஆயா மூச்சு வாங்கச் சற்றே நிறுத்தும்போதெல்லாம், அப்புறம் அப்புறம் என்று தம்பி கேட்டுக்கொண்டே யிருப்பான். மறு ஆண்டு காய்ச்சல் கண்டு அவன் இறந்தான். அடக்கம் முடிந்த சில நாட்களில், ஆயா என்னை அருகழைத்து மீண்டும் கதை சொல்லத் தொடங்கினார். கேட்பதற்கு அவன் இல்லாதபோது கதை எதற்கு என்று சினந்து எழுந்து சென்றேன். அதன் பின்னர்க் கதை கேட்டிலேன்.

வங்கக் கவியரசர் இரவீந்திரநாத தாகூரின் வரலாற்றைப் பயிலும் வாய்ப்புப் பெற்ற பின்னரே, ஆயா அன்று செய்தது இன்னதென ஒருவாறு உணர்ந்தேன். நம் நாட்டுப்பண்ணை இயற்றியவர் அவரென்பதும், 1913 ஆம் ஆண்டில் இலக்கியத்திற்குரிய நோபெல் பரிசைப் பெற்றவர் அவரென்பதும் யாவரும் அறிந்தனவே. அப்பெருமைகளை விரித்துரைத்தல் ஈண்டு நோக்கமன்று. இளமையிற் கேட்ட கதைகள் அவருக்குத் துன்பக் காலத்தே எங்ஙனம் துணைநின்றன என்பதொன்றையே சுருங்க உரைப்பாம்.

பிறப்பும் வளர்ப்பும்

இரவீந்திரர் 1861 ஆம் ஆண்டு மே மாதம் 7 ஆம் நாள், கல்கத்தா நகரில் ஜோராசாங்கோ என்னும் பகுதியிலுள்ள பெருமாளிகையிற் பிறந்தார். தந்தையார் தேவேந்திரநாதர், பிரம்ம சமாஜத்தின் தலைவராய் விளங்கி மகரிஷி எனப் போற்றப்பட்டவர். அன்னையார் சாரதா தேவி. உயிரோடிருந்த மக்கள் பலருள்ளும் இவரே இளையவர். தந்தையார் பெரும்பாலும் யாத்திரையிலேயே காலங் கழித்தார். அன்னையாரோ உடல் நலங் குன்றியவர். பெருங்குடும்பத்தின் பொறுப்பினைத் தாங்கியவர். ஆதலின் செல்வர் மனையிற் பிறந்தும் அச்சிறுவர் வேலைக்காரர்களின் ஆட்சியிலேயே வளரலானார்.

அவ்வேலைக்காரருள் ஷியாம் என்பான் ஒருவன், தான் வெளியே செல்லும்போது, சிறுவரை ஓரிடத்தில் இருத்திச் சுற்றிலும் சுண்ணக்கட்டியால் வட்டங் கீறி, அதனைத் தாண்டினால் பெருந்தீங்கு நேருமென்று அச்சுறுத்திச் செல்வான். கோட்டைக் கடந்த சீதைக்கு நேர்ந்தது யாதென்பதை இராமகதையிற் கேட்டிருந்த அச்சிறுவர் அவ்வட்டத்தைத் தாண்டத் துணிந்திலர். பக்கத்திலிருந்த சாளரத்தின் வழியே, குளத்தையும், அதில் நீராட வருவோரையும், கரையிலிருந்த ஆலமரத்தையும் பகலெல்லாம் நோக்கிக்கொண்டிருப்பார். கதையே அவரை அடைத்தது. அக்கதையே அவருக்குச் சாளரமுமாயிற்று. ஆலமரத்தின் விழுதுகளிடையே இருண்டு கிடந்த இடம், உலக நியமங்கள் செல்லாத மாயநாடாக அவர்தம் கண்ணுக்குத் தோன்றிற்று.

மாலைவேளையில் ஆமணக்கெண்ணெய் விளக்கைச் சூழ்ந்து பிள்ளைகள் அமர்ந்திருக்க, வேறொரு பணியாளன் இராமாயண பாரதக் கதைகளைப் படித்துக் காட்டுவான். இரவில் படுக்கையருகே பணிப்பெண்கள், எல்லையற்ற பாழ்வெளியிலே தனியே குதிரையூர்ந்து செல்லும் அரசகுமாரனின் கதையைச் சொல்லுவர். அப்துல் என்னும் ஓடக்காரன், பத்மா நதியிலிருந்து வருங்கால் மீனோடு கதைகளையுங் கொண்டுவருவான். புலியின் கழுத்திற் சுருக்கிட்டு அதனையே தன் படகை இழுக்கச் செய்ததாக அவன் கூறியதைச் சிறுவர் வாய்திறந்து கேட்டிருப்பார்.

அம்மாளிகையின் ஒரு மூலையிற் பாட்டியார் காலத்துப் பழம்பல்லக்கு ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. ஏனையோர் உறங்கும் நண்பகலில், சிறுவர் அதனுள்ளே கதவடைத்து அமர்ந்துகொள்வார். அசையாத அப்பல்லக்கு அவர் எண்ணத்திலே காடு கடந்து, கடல் கடந்து, தொலைநாடுகளுக்குச் செல்லும். இப்பல்லக்கினை வாசகர் நினைவில் இருத்துக. பின்னர் அது மீண்டும் வரும்.

அன்னையின் மறைவு

1875 ஆம் ஆண்டில் சாரதா தேவியார் காலமானார். இரவீந்திரருக்கு அப்போது பதினான்கு வயதும் நிரம்பவில்லை. இரவிலே ஒரு பணிப்பெண் அழுதுகொண்டு ஓடிவந்ததையும், அண்ணியார் காதம்பரி தேவி அவளை விரைந்து அப்பால் அழைத்துச் சென்றதையும் அவர் அரைத்தூக்கத்தில் உணர்ந்தார். காலையில் முற்றத்திலே கிடத்தப்பெற்றிருந்த அன்னையின் முகம் உறங்குவது போன்றே அமைதியாய் இருந்தது. சாவின் கொடுமை அவருக்குப் புலப்படவில்லை. உடலை வாயில்வழியே சுடுகாட்டிற்கு எடுத்துச் சென்றபோதுதான், அன்னை இனி இவ்வாயில்வழியே வந்து தம் இடத்தில் அமரார் என்னும் உண்மை புயலைப்போல் அவர் உள்ளத்தைத் தாக்கிற்று.

தாயற்ற பிள்ளைகளைத் தம் அன்பால் அணைத்து வளர்த்தவர் அவ்வண்ணியாரே. இரவீந்திரர் எழுதிய பாடல்களை முதற்கண் கேட்டவரும் அவரே. அவரும் 1884 ஆம் ஆண்டில் அகால மரணமடைந்தார். இருபத்து மூன்று வயதும் நிரம்பாத கவிஞர், பற்றிநின்ற கொழுகொம்பு முறிந்த கொடியெனத் தளர்ந்தார். உலகில் உறுதியானவை என எண்ணியிருந்த யாவும் ஒருநொடியில் இல்லையாகும் என்பதை அவர் முதன்முதலாக முழுதும் அறிந்தது அப்பொழுதே.

ஒரு கதையின் வினா

1890 ஆம் ஆண்டினை அடுத்துக் குடும்பத்தின் நிலங்களை மேற்பார்க்கும் பொருட்டு இரவீந்திரர் பத்மா நதிக்கரையிலுள்ள ஷிலைதாவிற் சென்று தங்கினார். படகிலே வாழ்ந்து, சிற்றூர் மாந்தரோடு பழகிச் சிறுகதைகள் பல எழுதினார். பெண்டிர் வாயில் வழங்கிய தாலாட்டுகளையும் குழந்தைப் பாட்டுகளையும் 1894 ஆம் ஆண்டினையொட்டித் தொகுத்து வெளியிட்டார். கற்றோர் பொருட்படுத்தாத அப்பாட்டுகளின் சுவையைத் தம் இளமை நினைவினின்றும் பிரித்தறிய இயலவில்லை என்பதை அவர் மறைத்திலர்.

அக்காலத்து, 1893 இல், அவர் எழுதிய கதையொன்று நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. மழை பெய்யும் மாலையொன்றில், ஆசிரியர் வாராதிருக்கவேண்டுமென ஒரு சிறுவன் வேண்டுகிறான். ஆசிரியரோ குடை பிடித்து வந்துவிடுகிறார். சிறுவன் நோயென நடித்துப் பாட்டியிடம் அடைக்கலம் புகுந்து கதை கேட்கிறான். அரசகுமாரியொருத்தி தன் கணவனாகிய இளைஞனைப் பலகாலம் காத்திருந்து அடைகிறாள். அவன் அன்றே அரவந் தீண்டி இறக்கிறான். வளர்ந்தோர்க்குக் கதை ஆண்டு முடிந்தது. சிறுவனோ முடிந்ததென்று அறியான். பின்னர் என்ன ஆயிற்று என்று வினவுகிறான். பாட்டியும் வினாவைத் தடுக்கவில்லை. வாழைமரத் தெப்பத்தில் உடல் மிதந்து செல்லக் கதை மேலே செல்லுகிறது.

சாவு நேர்ந்தவிடத்தும், பின்னர் என்ன என்று கேட்கும் துணிவு குழந்தைக்கே உரியது. அவ்வினாவிற்கு விடை கூறும் அன்பு பாட்டிக்கே உரியது. இதனை இரவீந்திரர் எழுதியபோது, அன்னையையும் அண்ணியையும் இழந்திருந்தார். ஆயினும் அவர் பாடம் முற்றுப்பெறவில்லை. அவ்வினாவைத் தம் மனையிலேயே மீண்டும் மீண்டும் கேட்க வேண்டிய காலம் இனியே வருவதாயிற்று.

துயரக் காலம்

இரவீந்திரர் 1883 ஆம் ஆண்டில் மிருணாளினி தேவியை மணந்திருந்தார். மாதுரிலதா, ரதீந்திரநாதர், ரேணுகா, மீரா, சமீந்திரநாதர் என மக்கள் ஐவர். 1901 டிசம்பரில், சாந்திநிகேதனத்திலே ஐந்து மாணவரைக்கொண்டு ஒரு பள்ளியைத் தொடங்கினார். வட்டத்துள் அடைபட்டிருந்த தம் இளமையை மறவாத அவர், மரத்தடியே பள்ளியறை என வகுத்தார். அதன் செலவிற்காக மிருணாளினி தேவி தம் அணிகலன்களை விற்கக் கொடுத்தார். ஓராண்டு நிரம்புமுன் அவ்வம்மையார் நோயுற்றார். கூலிக்குச் செவிலியரை அமர்த்த ஒருப்படாது, கணவர் தாமே இரவும் பகலும் அருகிருந்து பணிவிடை செய்தார். பயனில்லை, 1902 நவம்பரில் அவர் மறைந்தார்.

உடனே இரண்டாம் மகள் ரேணுகாவை எலும்புருக்கி நோய் பற்றிற்று. மலைக்காற்று நலந்தரும் என்னும் நம்பிக்கையால், 1903 இல் தந்தை அவளை இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவுக்கு அழைத்துச் சென்றார். தாயற்ற ஏனைய சிறுமக்கள் தொலைவிலே இருந்தனர். நோயுற்ற மகளின் கட்டிலருகே இருந்துகொண்டு அக்காலத்தே அவர் எழுதியவை யாவை எனின், இரங்கற் பாக்கள் அல்ல, குழந்தைப் பாட்டுகளே. அவை சிசு என்னும் தொகுதியாயின. பத்தாண்டுகளுக்குப் பின்னர் அவற்றுட் பலவற்றைத் தாமே ஆங்கிலமாக்கி, பிறைமதி எனப் பொருள்படும் பெயரோடு வெளியிட்டார்.

அத்தொகுதியிலுள்ள ஒரு பாட்டிலே அப்பழம்பல்லக்கு மீண்டும் வருகின்றது. இம்முறை அதனுள் அமர்ந்திருப்பவள் தாய். சிறுவன் குதிரைமீது பக்கத்தே வருகிறான். அந்தி மயங்கும் பாழ்வெளியிற் கள்வர் பாய்கின்றனர். சிறுவன் தனியே பொருது அவர்களை வென்று தாயைக் காக்கிறான். இறுதியில், இத்தகையது உண்மையில் ஏன் நிகழ்தல் கூடாது என்று ஏங்குகிறான். தாயை இழந்த மக்களின் தந்தை, தானும் இளமையில் தாயை இழந்தவர், மனைவியைக் காக்க முடியாதவர், இப்பாட்டை எழுதினார் என்பதை எண்ணுக. கதையில் நிகழ்ந்தது மனையில் நிகழாது என்பதை அவர் நன்கறிவார். அறிந்தும் பாடினார், அறிந்ததைப் பாட்டிலேயே ஒளிக்காது வைத்தார். இதனைப் பொய்யென்று எங்ஙனம் கூறுவோம்?

1903 செப்டம்பரில் ரேணுகா இறந்தாள். 1905 ஆம் ஆண்டில் தந்தையார் தேவேந்திரநாதர் விண்ணுலகடைந்தார்.

1907 ஆம் ஆண்டில், தட்சிணாரஞ்சன மித்திர மஜும்தார் என்பவர் வங்க நாட்டுப் பாட்டிக் கதைகளைத் தொகுத்து, பாட்டியின் பை எனப் பொருள்படும் பெயரால் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு முகவுரை வழங்கியவர் இரவீந்திரரே. அயல்நாட்டுக் கதைப்புத்தகங்கள் கடையிற் குவிய, நம் பாட்டிமாரின் கதைகள் வழக்கொழிந்து போகின்றனவே என வருந்தி, அவற்றை மீட்டுத் தந்த ஆசிரியரை அதிற் பாராட்டினார். அவ்வாண்டின் நவம்பர்த் திங்களில், விடுமுறைக்கு முங்கேர் சென்றிருந்த இளைய மகன் சமீந்திரன் வாந்திபேதியாற் பீடிக்கப்பட்டான். தந்தை விரைந்து சென்றார். மகனைப் பிழைப்பிக்க இயலவில்லை. அவனுக்குப் பதினொரு வயதும் நிறையவில்லை. ஐந்தாண்டுகட்கு முன் தாய் இறந்ததும் அதே நவம்பர்த் திங்களிலேயே.

அதற்கடுத்த இரவு புகைவண்டியில் மீண்டு வருங்கால், வானமெங்கும் நிலவு பொழிந்திருக்கக் கண்டார். உலகில் எதுவுங் குறைந்ததாகத் தோன்றவில்லை. யாவும் எஞ்சியிருக்கின்றன, தமக்குரிய பணியும் எஞ்சியிருக்கின்றது என்று அவர் உள்ளம் தேறிற்று. இதனை அவர் பல்லாண்டுகள் எவரிடமும் விரித்துக் கூறவில்லை. 1932 இல் மகள் மீரா தன் ஒரே மகனைச் செர்மனி நாட்டில் இழந்தபோதுதான், அவளைத் தேற்றும் கடிதத்தில் எழுதினார். இருபத்தைந்து ஆண்டுகள் தம்முள்ளே காத்துவைத்திருந்த அந்நினைவு, மற்றொருவர் துயருக்கு மருந்தாக வேண்டிய நாளில் வெளிப்பட்டது.

சாளரத்துச் சிறுவன்

1911 இல் இரவீந்திரர் தபால் நிலையம் என்னும் சிறு நாடகத்தை இயற்றினார். அமல் என்னும் நோயுற்ற சிறுவனை வெளியே விடலாகாதென மருத்துவர் கட்டளையிடுகிறார். அவன் சாளரத்தருகே அமர்ந்து, தெருவிற் செல்லும் தயிர் விற்பவனோடும், காவற்காரனோடும், பூக்கொய்யும் சிறுமியோடும் பேசுகிறான். முதியவரொருவர் பக்கிரி வேடம் பூண்டு வந்து, கிளிகள் வாழும் தீவொன்றின் கதையை அவனுக்குக் கூறுகிறார். அரசனிடமிருந்து தனக்கொரு கடிதம் வருமென அவன் காத்திருக்கிறான். முடிவில் அவன் கண்ணயர, தான் அவனை மறக்கவில்லை என்று அவனிடம் கூறுமாறு பூக்காரச் சிறுமி சொல்லிச் செல்கிறாள். சுண்ணக்கட்டி வட்டத்துள் இருந்து குளத்தை நோக்கிய சிறுவரே, ஐம்பது ஆண்டு வாழ்ந்து துயரெலாங் கண்டு, அமலின் சாளரத்தைத் திறந்துவைத்தார் எனலாம்.

அந்நாடகம் வங்கத்தோடு நிற்கவில்லை. போலந்து நாட்டு வார்சா நகரிலே, செர்மானியர் யூதரை மதிலிட்டு அடைத்துவைத்திருந்த காலத்தில், யானுஷ் கோர்ச்சாக் என்னும் மருத்துவர் அநாதைப் பிள்ளைகளின் விடுதியொன்றை நடத்தி வந்தார். 1942 ஜூலையில் அப்பிள்ளைகள் இந்நாடகத்தை நடித்தனர். சாவை அஞ்சாது எதிர்கொள்ளப் பிள்ளைகட்குக் கற்பிக்கவே அவர் அதனைத் தேர்ந்தார் என்பர். சில கிழமைகளில் ஏறத்தாழ இருநூறு பிள்ளைகளும் கொலைக்களத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தாம் தப்பும் வழியிருந்தும் கோர்ச்சாக் அவர்களைப் பிரியாது உடன்சென்று மாண்டார். கதை அப்பிள்ளைகளின் உயிரைக் காக்கவில்லை. ஆயினும், மதிலுக்குள் இருந்தோர்க்குச் சிலநாள் ஒரு சாளரம் இருந்தது.

இறுதிக் காலம்

நோபெல் பரிசும் உலகப் புகழும் எய்திய பின்னரும் கவியரசர் குழந்தைக் கதைகளை விட்டாரில்லை. 1918 இல் மூத்த மகள் மாதுரிலதாவும் எலும்புருக்கி நோயால் இறந்தாள். 1920 ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்குச் சென்று திரும்பிய பின்னர், ஆண்டுக் கண்ட பொருள்வேட்கையின் சுமை நெஞ்சை அழுத்த, அச்சுமை நீங்கும் பொருட்டே மீண்டும் குழந்தைப் பாட்டுகள் எழுதினார். அவை 1922 இல் நூலாயின. எழுபத்தைந்து வயது கடந்தும், பேத்தி நந்தினிக்காக அவன் எனப் பொருள்படும் விந்தைக் கதைநூலை எழுதி, அதற்குரிய சித்திரங்களையும் தாமே தீட்டினார். 1940 இல் இளமைப் பருவம் என்னும் நூலில் அப்பல்லக்கையும் ஓடக்காரனையும் கடைசி முறையாக நினைவுகூர்ந்தார். நோய்ப்படுக்கையிற் கிடந்து, கை எழுதமாட்டாத நிலையிலும், குழந்தைப் பாட்டுகளைப் பிறர் எழுதச் சொல்லிவந்தார். 1941 ஆகஸ்டு 7 ஆம் நாள், பிறந்த அதே ஜோராசாங்கோ மாளிகையில் உயிர் நீத்தார்.

முடிவுரை

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? பாட்டிக் கதைகள் துன்பத்தை இல்லையாக்கமாட்டா. தெப்பத்திற் சென்றவன் கதையிலே மீள்வான், சமீந்திரன் மீளவில்லை. ஆயினும் இளமையிற் கதை கேட்டுப் பழகியவர் நெஞ்சிலே ஒரு வினா பதிந்துவிடுகின்றது. எல்லாம் முடிந்தது என்று உலகம் கூறுமிடத்தில், பின்னர் என்ன என்று அது கேட்கிறது. இரவீந்திரர் தம் வாழ்வில் அவ்வினாவிற்குக் கண்ட விடை, இறந்தவரின் வருகையன்று. இருப்பவர்க்குச் செய்யும் பணியே. தம் மக்களை இழக்க இழக்க, பிறர் மக்களுக்குக் கதையும் பாட்டும் பள்ளியும் அளித்தார். நோய் தீர்த்தல் என்பது வடுவும் மறையுமாறு தீர்த்தல் அன்று. வடுவோடு எழுந்து நடக்குமாறு செய்தலே என அவர் வாழ்வு காட்டுகின்றது.

என் ஆயா இரவீந்திரரின் பெயரையும் அறியார். ஞாயிறுதோறும் ஆலயத்தில் யோசேப்பின் கதையைக் கேட்பதும், மாலையில் அரக்கன் கதையைச் சொல்வதும் அவருக்கு ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றியதில்லை. தம்பி இறந்தபின் அவர் என்னை அழைத்துக் கதை தொடங்கியது, அவனை மறந்ததனால் அன்று. அவன் விட்டுச்சென்ற வினாவை நான் கேட்கவேண்டும் என்றே அவர் விரும்பினார் போலும். அதனை உணர எனக்குப் பத்தாண்டுகள் ஆயின.

சென்ற விடுமுறையில், கழுவெளியிலே பூநாரைகள் வந்திறங்கியிருந்த ஒரு மாலைப்பொழுதில், ஆயாவின் அருகமர்ந்து, அவ்வரக்கனின் கதையை விட்ட இடத்திலிருந்து கூறுமாறு வேண்டினேன். அவருக்கு இப்போது பல நினைவுகள் தவறுகின்றன. கிளி இருந்த மரம் வரையில் வந்து நிறுத்திவிட்டார். அப்புறம், ஆயா, என்று கேட்டேன். சற்று நேரம் என்னையே நோக்கியிருந்து, பின் மேலே சொல்லத் தொடங்கினார்.